கூடப் போக ஒரு ஆள்: சிறிய ஊரில் ஓர் அறக்கட்டளை என்ன செய்ய முடியும்?

கேள்வி இது: "எங்கள் ஊர் சிறியது. நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஓர் அறக்கட்டளை பதிவு செய்திருக்கிறோம். இரண்டு வருடமாக ஜூனில் நோட்டுப் புத்தகம், தீபாவளிக்குத் துணி, மழைக்காலத்தில் அரிசி என்று கொடுத்து வருகிறோம். வாங்கியவர்களே மறு வருடமும் அதே நிலையில் வந்து நிற்கிறார்கள். குடும்பங்களுக்கும் இளைஞர்களுக்கும் நிலைத்து நிற்கிற மாதிரி என்ன செய்யலாம்?"

குடியாத்தத்தில் இப்படியொரு சிறிய அறக்கட்டளையில் நான் பல வருடமாக இருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஊரை வைத்தே சொல்கிறேன், உங்கள் ஊருக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள். குடியாத்தம் வேலூர் மாவட்டத்தில், ஆந்திர எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் நகராட்சி. கவுண்டன்யா ஆற்றங்கரை ஊர். கைலி நெசவு, தீப்பெட்டி, பீடி இவற்றை நம்பித்தான் ஏழைக் குடும்பங்கள் பலவும் இருக்கின்றன. தெருவில் நடந்தால் தமிழ், தெலுங்கு, உருது மூன்றும் காதில் விழும். 1954இல் முதலமைச்சர் ஆன காமராஜர், சட்டமன்றத்துக்குப் போட்டியிட்டு வென்றது எங்கள் தொகுதியில்தான். பள்ளியில் சோறு போட்டவரை அனுப்பி வைத்த ஊர் என்று எங்கள் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

ஒரு சிறிய ஊர் அறக்கட்டளையால் செய்ய முடிகிற மிகப் பெரிய உதவி, கூடப் போவது. தாலுகா அலுவலகத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, பள்ளிக்கு, வங்கிக்கு, கல்லூரிக் கலந்தாய்வுக்கு. அரிசியும் நோட்டும் தேவைதான், நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குடும்பத்துக்கு நீங்கள் ஒரு வருடத்தில் கொடுக்கிற எல்லாவற்றையும் விடப் பல மடங்கு பணம் அவர்கள் பெயரில் ஏதோ ஒரு திட்டத்தில் வாங்கப்படாமல் கிடக்கும். அதை எட்ட முடியாமல் தடுப்பது ஒரு காகிதமும் நாலு நாள் கூலியும்தான்.

ஒரு குடும்பத்தைச் சொன்னால் விளங்கும். பீடி சுற்றும் அம்மா. கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஏழாம் வகுப்பில் ஒரு பெண், நாலாம் வகுப்பில் ஒரு பையன். நாங்கள் மாதாமாதம் மளிகை கொடுத்துக்கொண்டிருந்தோம், அதுவே பெரிய உதவி என்று நினைத்திருந்தோம். புதிதாகச் சேர்ந்த ஒரு தன்னார்வலர்தான், "அப்பா இல்லாத பிள்ளைகளுக்கு அரசு பணம் தருதே, இவங்களுக்கு வருதா?" என்று கேட்டார். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் 'நிதி ஆதரவு' என்று ஒன்று உண்டு. தந்தையை இழந்து, தாயின் வருமானத்தை மட்டும் நம்பியிருக்கும் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய், 18 வயது வரை. குடும்ப வருமானத்துக்கு ஒரு வரம்பு உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். எங்களில் யாருக்கும் அதுவரை அது தெரியாது.

சரி, விண்ணப்பிக்கலாம் என்று உட்கார்ந்தால் இறப்புச் சான்றிதழ் இல்லை. அவர் வீட்டிலேயே இறந்தவர், யாரும் பதிவு செய்யவில்லை. இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். ஒரு வருடம் தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் உத்தரவு இல்லாமல் பதிய முடியாது. அந்த அம்மா அதற்கு முன்பே இரண்டு முறை தனியாகப் போய்த் திரும்பியிருக்கிறார். ஒரு முறை அதிகாரி கள ஆய்வுக்குப் போயிருந்தார், இன்னொரு முறை ஒரு நகல் குறைந்தது. பீடிக்குக் கூலி எண்ணிக்கைக் கணக்கு. வெளியே போன நாளில் எண்ணிக்கை இல்லை, எண்ணிக்கை இல்லாவிட்டால் கூலி இல்லை. மூன்றாவது முறை போக அவருக்குத் துணிவு வரவில்லை. "யாராவது கூட வந்தா போயிருப்பேன்" என்றார்.

அதன் பிறகு அவருடன் போனோம். எழுதிக் கொடுத்தோம், நகல் எடுத்தோம், வரிசையில் நின்றோம், அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நாங்கள் காத்திருந்தோம். மாதங்கள் ஆயின. இறப்புச் சான்றிதழ் கையில் வந்ததும் மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன. ஆதரவற்ற விதவை உதவித்தொகையும் அதே காகிதத்துக்காகத்தான் காத்துக் கிடந்தது. 2023 ஆகஸ்ட் முதல் அது மாதம் 1,200 ரூபாய். பிள்ளைகளுக்கும் பணம் வர ஆரம்பித்தது. எங்கள் கைக்காசு செலவானது பேருந்துக் கட்டணமும் நகல் செலவும் இ-சேவை மையத்தில் சான்றிதழுக்கு வாங்கும் 60 ரூபாயும்தான். நாங்கள் இரண்டு வருடம் கொடுத்த மளிகையின் மதிப்பை அந்தப் பணம் சில மாதங்களிலேயே தாண்டிவிட்டது. 2025 செப்டம்பரில் தமிழக அரசு 'அன்புக் கரங்கள்' திட்டத்தைத் தொடங்கியது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவர் பராமரிக்க முடியாத நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் மாதம் 2,000 ரூபாய். இதற்கும் ஊரில் ஒருவர் வீடு வீடாகப் போய்ச் சொன்னால்தான் ஆள் வருகிறது.

எனவே உங்கள் முதல் வேலை, உங்களில் இரண்டு பேர் சான்றிதழ்களைக் கரைத்துக் குடிப்பது. சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி, வாரிசு, இறப்பு ஆகிய ஒவ்வொன்றும் எந்த வழியாகப் போகிறது, கிராம நிர்வாக அலுவலர் எதைக் கேட்பார், வருவாய் ஆய்வாளர் எதைக் கேட்பார், எது வட்டாட்சியர் கையெழுத்து, எது கோட்டாட்சியர் கையெழுத்து என்று தெரிந்திருக்க வேண்டும். அலுவலகங்களில் சண்டைக்குப் போகாதீர்கள். முழுமையான விண்ணப்பத்தோடு தொடர்ந்து வருகிற ஆளை ஊழியர்கள் சீக்கிரம் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். எங்களுக்கு இப்போது அவர்களே போன் செய்து, "இந்தக் குடும்பத்தைக் கொஞ்சம் பாருங்க" என்று சொல்வதுண்டு.

இன்னொரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மைப் போன்ற ஊர்களில் இதில்தான் அதிக இழப்பு நடக்கிறது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தால் என்ன கிடைக்கும் என்று பெற்றோருக்குத் தெரிவதில்லை. 2020இல் மருத்துவப் படிப்புக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் அது விரிந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேருகிற பிள்ளையின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசு ஏற்கிறது. 2022இல் வந்த புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில் பையன்களுக்கும் அதே தொகை. இந்த இரண்டு உதவித்தொகையும் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. ஆனால் 7.5 சதவீதத்துக்கு அரசுப் பள்ளிதான் கணக்கு.

இப்போது வீட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பையன் எட்டாவதில் நன்றாகப் படிக்கிறான். சொந்தக்காரர் ஒருவர், "இவ்வளவு நல்லா படிக்கிறவனை ஏன் கவர்மென்ட் ஸ்கூல்ல போட்டிருக்கே" என்கிறார். அப்பா நகையை அடகு வைத்து ஒன்பதாவதில் தனியார் பள்ளியில் சேர்க்கிறார். அன்றைக்கே 7.5 சதவீதம் போயிற்று, மாதம் 1,000 ரூபாயும் போயிற்று. எட்டாவதில் எழுதக்கூடிய தேசிய வருவாய்வழி திறன் தேர்வில் அவன் தேர்ச்சி பெற்றிருந்தால், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய் என்று நாலு வருடத்துக்கு 48,000 ரூபாய் கிடைக்கும். தனியார் பள்ளிக்குப் போனதால் அதுவும் இல்லை. பாசத்தால் செய்த காரியம்தான். அந்த அப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. முன்கூட்டியே அவர் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்ட ஓர் ஆள் இருந்திருக்க வேண்டும். பள்ளியைத் தேர்ந்தெடுப்பது பெற்றோரின் உரிமை, எதை விட்டுக்கொடுக்கிறார்கள் என்று தெரிந்து தேர்ந்தெடுக்கட்டும். அதனால் ஐந்தாவது முடிக்கும் பிள்ளைகள், எட்டாவது முடிக்கும் பிள்ளைகள் வீட்டுக்கு ஏப்ரல், மே மாதத்திலேயே போய்விடுகிறோம். ஜூனில் போனால் தாமதம்.

எங்கள் ஊரில் பீடித் தொழிலாளர் குடும்பங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. அடையாள அட்டை உள்ள தொழிலாளியின் பிள்ளைக்கு மத்திய தொழிலாளர் நலத்துறையின் கல்வி உதவி, வகுப்பைப் பொறுத்து வருடம் 1,000 ரூபாயிலிருந்து 25,000 ரூபாய் வரை. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அட்டை இல்லாமல், இன்னொருவர் பெயரில் கணக்கு வைத்துப் பீடி சுற்றும் பெண்கள் பலர். அவர்களுக்கு அட்டை வாங்கிக் கொடுப்பதே ஒரு தனி வேலை. உங்கள் ஊரில் என்ன தொழிலோ அதற்கு ஒரு நலவாரியம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கட்டுமானம், தையல், சலவை, ஆட்டோ ஓட்டுதல் என்று பலவற்றுக்கும் தமிழ்நாட்டில் வாரியம் உண்டு.

இளைஞர்களைப் பற்றிக் கேட்டீர்கள். மாலை நேரப் படிப்பு மையம் நல்ல தொடக்கம். 2021இல் அரசின் இல்லம் தேடிக் கல்வி வந்தபோது எங்கள் தெருப் பெண்களே தன்னார்வலர்களாகப் பாடம் எடுத்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா சொல்லிக் கொடுத்தால் பிள்ளை உட்காருகிறது என்பதை அப்போது நேரிலேயே பார்த்தோம். எங்கள் மையம் ஒரு கைலி வியாபாரி கொடுத்த மாடி அறை. ஆறு மணியிலிருந்து ஒன்பதரை வரை திறந்திருக்கும். சின்னப் பிள்ளைகள் எட்டு மணிக்குக் கிளம்பியதும் பெரியவர்கள் வருவார்கள். குரூப் 4 தேர்வுக்கும் காவலர் தேர்வுக்கும் படிக்கிறவர்கள். குரூப் 4க்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும் என்பதால் பகலில் கடையில் நிற்கிற பையனும் ராத்திரியில் படிக்கலாம். அவர்களுக்கு நாங்கள் ஆசிரியர் எவரையும் வைக்கவில்லை. விளக்கு, மின்விசிறி, நாளிதழ், பழைய வினாத்தாள், அமைதி இவ்வளவுதான். ஒரே அறையில் பாய் விரித்து ஆறு பேர் படுக்கும் வீட்டிலிருந்து வருகிறவனுக்கு ஒரு மேசையும் நாற்காலியும் எவ்வளவு பெரிய விஷயம் என்று அவன் உட்காரும் விதத்திலேயே தெரியும்.

ஆனால் மையத்துக்கு வருகிறவர்கள் ஏற்கெனவே பாதி தேறியவர்கள். வராதவர்கள்தான் நம் வேலை. பத்தாவதில் தோற்றவன், பதினொன்றில் நின்றவன், ஆம்பூர்ப் பக்கம் தோல், காலணித் தொழிற்சாலைக்கு வேன் ஏறிப் போகிறவன். வேலைக்குப் போவதைத் தவறு என்று நான் நினைக்கவில்லை. வீட்டில் அவன் காசு வேண்டியிருக்கிறது. அவன் கேட்காமலே ஒரு கதவு மூடிவிடக் கூடாது என்பதுதான் கவலை. பத்தாவது முடித்து இரண்டு வருட ஐ.டி.ஐ. படித்தவன் தமிழ், ஆங்கிலம் இரண்டு தாள் மட்டும் எழுதித் தேறினால் பன்னிரண்டாவதுக்கு இணையான சான்று வாங்கலாம். எட்டாவதோடு நின்றவனுக்கும் சேரக்கூடிய ஐ.டி.ஐ. பிரிவுகள் உண்டு. இதை ஒரு பையனிடம் சொன்னபோது, "அப்போ நான் காலேஜ் போகலாமா அண்ணா?" என்று கேட்டான். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. இதை அதுவரை ஒருவரும் அவனிடம் சொல்லவில்லை.

பையன்களைப் பிடிக்க மைதானம்தான் வழி. கபடிக்கோ கிரிக்கெட்டுக்கோ ஒரு பந்து, ஒரு செட் பனியன், ஞாயிற்றுக்கிழமை காலை அவர்களோடு நிற்க ஒரு பெரியவர். அறிவுரை வேண்டாம். நாலு மாதம் நின்றால் ஐந்தாம் மாதம் அவனே வந்து, வீட்டில் அப்பா குடித்துவிட்டு அடிக்கிறார் என்பான், அல்லது தானே கஞ்சா பக்கம் போய்விட்டதாகச் சொல்வான். அப்போது எங்கே கூட்டிப் போக வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அரசு மாவட்ட மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. எண்ணைக் கொடுத்தால் மட்டும் போதாது, முதல் தடவை அவன் பேசும்போது பக்கத்தில் இருங்கள்.

தேர்வு முடிவு வரும் நாளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மே மாதம் பத்தாவது, பன்னிரண்டாவது முடிவு வரும் காலையில் ஊரே முதல் மதிப்பெண் வாங்கியவர் வீட்டுக்குப் போகும். எங்கள் ஆட்கள் தோற்றவர் வீடுகளுக்குப் போகிறார்கள். முந்தின வாரமே பள்ளி ஆசிரியர்களிடம் பேசி, யார் தடுமாறுவார்கள் என்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்வோம். முடிவு வந்த ஒரு மணி நேரத்துக்குள் அந்த வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். கையில் துணைத் தேர்வுக்கான விவரத்தோடு போவோம். சில வாரங்களில் மறுபடி எழுதலாம், அதே வருடம் மேலே சேரலாம் என்பதை அம்மா, அப்பா முன்னால் அமைதியாகச் சொல்லும்போது வீட்டின் காற்றே மாறுகிறது. ஒரு வீட்டில் அந்தப் பெண் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்கள் தன்னார்வலர் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, தான் பத்தாவதில் கணக்கில் தோற்ற கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார். மத்தியானம் கதவு திறந்தது. வேறு எந்த வேலையும் செய்யாவிட்டாலும் இந்த ஒரு நாள் வேலையை உங்கள் ஊரில் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் ஆபத்தான காலம் பத்தாவது முடிந்த கோடை விடுமுறை. பதினெட்டு முடிவதற்குள் கல்யாணம் பேசுவது இன்னும் நடக்கிறது. 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் இருக்கிறது, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டால் அதிகாரிகள் வருவார்கள். நிச்சயம் ஆகி மண்டபம் பிடித்த பிறகு தெரிந்தால் அதைத்தான் செய்ய வேண்டும், அதில் தயக்கமே கூடாது. ஆனால் பேச்சு ஆரம்பித்த நிலையிலேயே காதில் விழுந்தால், எங்கள் வழி தாய்மாமனிடம் போவது. அப்பாவிடம் நேராகப் போனால் கௌரவப் பிரச்சினை ஆகிவிடும். மாமன் சொன்னால் வீடு கேட்கும். கூடவே பாட்டியிடம் பேசுங்கள். சின்ன வயதில் கட்டிக்கொடுக்கப்பட்டு என்ன பட்டோம் என்று அவருக்குத்தான் தெரியும். எங்களுக்காகப் பேசிய பாட்டிகள் உண்டு. முஸ்லிம் குடும்பங்களில் ஜமாஅத் பெரியவர் ஒருவர் சொன்னால் பேச்சு ஒரே நாளில் நின்றிருக்கிறது. கல்யாணப் பேச்சுக்குப் பின்னால் பெரும்பாலும் கடனோ, வீட்டில் ஆள் இல்லாத பயமோ இருக்கும். அதற்கும் வழி செய்யாவிட்டால் ஆறு மாதத்தில் பேச்சு மறுபடி வரும்.

கடன் என்றதும் சொல்கிறேன். அறக்கட்டளை கடன் கொடுக்கக் கூடாது. நாங்கள் ஆரம்பத்தில் வட்டியில்லாக் கடன் கொடுத்துப் பார்த்தோம். திருப்பித் தர முடியாதவர்கள் எங்களைப் பார்த்ததும் தெருவைத் தாண்டிப் போக ஆரம்பித்தார்கள். யாருக்கு உதவப் போனோமோ அவர்களே நம்மைத் தவிர்க்கிறார்கள். அன்றோடு விட்டுவிட்டோம். இப்போது செய்வது, ஒரு நோட்டோடு உட்கார்ந்து அந்த வீட்டின் எல்லாக் கடனையும் எழுதுவது. குழுக் கடன் எத்தனை, வாரத் தவணை எவ்வளவு, அடகு நகை எங்கே, கைமாற்று யாரிடம். பல வீடுகளில் மொத்தத்தையும் ஒரே தாளில் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை. நுண்கடன் வாங்கிய குடும்பத்தின் மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று 2022இல் ரிசர்வ் வங்கி விதி வைத்தது. அதைத் தெரிந்துகொண்டு பேசினால் நிறுவனங்கள் தவணையை மாற்றி அமைக்க ஒப்புக்கொண்டதுண்டு. கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதலே சட்டம் இருக்கிறது. வீட்டு வாசலில் வந்து மிரட்டினால் காவல் நிலையத்துக்கும் கூடப் போக வேண்டியிருக்கும்.

உடம்புக்கு ஒன்று வந்தால்தான் குடும்பங்கள் கடனில் விழுகின்றன. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அட்டையை நோய் வருவதற்கு முன்பே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். எங்கள் ஊரிலிருந்து பெரிய ஆஸ்பத்திரி என்றால் வேலூர் சி.எம்.சி., இல்லாவிட்டால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி. இரண்டு இடத்துக்கும் வழி தெரிந்த ஓர் ஆள் எங்களிடம் எப்போதும் உண்டு. எந்த வாசலில் சீட்டு போட வேண்டும், காப்பீட்டு மேசை எங்கே, எத்தனை மணிக்குள் போக வேண்டும் என்று தெரிந்த ஆள். அவர் எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவர், ஆனால் எங்கள் அறக்கட்டளையில் அவரை விடப் பயன்பட்டவர் யாரும் இல்லை.

இந்த வேலையை யார் செய்வது என்பது முக்கியம். நீலகிரியில் கூடலூரைப் பாருங்கள். 1980களின் நடுவில் ஸ்டான் தேக்கேகரா, மரி தேக்கேகரா தம்பதி அங்கே அக்கார்டு என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பணியர், பெட்டகுறும்பர், முள்ளுகுறும்பர், காட்டுநாயக்கர் போன்ற ஆதிவாசி மக்கள் தங்கள் நிலத்தை இழந்துகொண்டிருந்த காலம். அந்த மக்கள் ஊர் ஊராகச் சங்கம் அமைக்க இந்தத் தம்பதி உதவினார்கள். 1988இல் ஆயிரக்கணக்கான ஆதிவாசிகள் கூடலூர் நகரில் ஊர்வலம் போனார்கள். பிறகு அஸ்வினி என்ற அமைப்பு வழியாக ஒரு மருத்துவமனையும், வித்யோதயா என்ற பள்ளியும் வளர்ந்தன. அதில் நான் பாடமாக எடுத்துக்கொண்டது ஒன்று. அங்கே செவிலியர்களாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் ஆதிவாசிப் பெண்களையே பயிற்றுவித்தார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள், கதவைத் தட்டியது சொந்த ஊர்ப் பெண். அதனால்தான் கதவு திறந்தது. உங்கள் அறக்கட்டளையிலும் உதவி வாங்கிய குடும்பத்திலிருந்து ஒருவர் இரண்டு வருடத்தில் உங்களோடு உட்கார்ந்து முடிவெடுக்கிறவராக வர வேண்டும். எங்கள் அறங்காவலர்களில் ஒருவர் பீடி சுற்றிய பெண். கூட்டத்தில் நாங்கள் பெரிதாக ஏதாவது திட்டம் போட்டால், "அந்த நேரத்துல யாரு வீட்ல இருப்பா?" என்று கேட்டு நேரத்தை மாற்ற வைப்பது அவர்தான்.

பணம், பதிவு பற்றிச் சுருக்கமாக. வருமான வரித் துறையில் 12ஏ (அறக்கட்டளைக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடை கொடுப்பவருக்கு வரிச் சலுகை) இரண்டு பதிவும் வாங்குங்கள், வருடா வருடம் தணிக்கை செய்யுங்கள், வரவு செலவைத் தாளில் எழுதி மையத்தின் சுவரில் ஒட்டுங்கள். வெளிநாட்டு நிதிச் சட்டப்படி பதிவு இல்லாமல் வெளிநாட்டுப் பணம் தொடக் கூடாது. வளைகுடாவில் வேலை செய்யும் நம் ஊர்க்காரர் இந்தியக் குடிமகனாக இருந்தால் அவர் தன் இந்திய வங்கிக் கணக்கிலிருந்து கொடுக்கலாம். அவரே அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டிருந்தால் அது வெளிநாட்டு நிதி. ரம்ஜானில் ஜகாத் என்ற கடமை தர்மம் கொடுக்கும் முஸ்லிம்கள் உண்டு. அது யாருக்குப் போக வேண்டும் என்று மார்க்கத்தில் வரையறை இருக்கிறது, கொடுப்பவரிடம் கேட்டுத் தனிக் கணக்கில் வையுங்கள். எங்கள் ஊரில் வைகாசியில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஊரே கூடும். அன்னதானத்துக்கு அள்ளிக் கொடுக்கிற அதே கைகள்தான் ஒரு பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கும் கொடுக்கின்றன. நேரில் போய்க் கேட்க வேண்டும், கட்டிய ரசீதைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். உதவி வாங்கும் பிள்ளையை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். ஒரு பெண் கல்லூரிக்குப் போன பிறகு, அவள் எட்டாவதில் எங்களிடம் சைக்கிள் வாங்கிய படத்தை யாரோ வகுப்புத் தோழர்களுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் எங்களிடம் கோபித்துக்கொள்ளவில்லை, மையத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். அந்தத் தவறு எங்களுடையது. இன்றுவரை எனக்கு உறுத்துகிறது. அடுத்தது பாதுகாப்பு. மையத்தில் எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது, எப்போதும் இரண்டு பேர். பாலியல் துன்புறுத்தல் பற்றித் தெரியவந்தால் 2012 போக்சோ சட்டப்படி காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஊர் மானம், குடும்ப மானம் என்று பேசித் தீர்க்க உங்களுக்கு உரிமை இல்லை. சேர்கிற ஒவ்வொரு தன்னார்வலரிடமும் முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள்.

நண்பர்களில் யாராவது விடுதியோ குழந்தைகள் இல்லமோ தொடங்கலாம் என்பார். வேண்டாம். 2015 சிறார் நீதிச் சட்டப்படி அதற்குத் தனிப் பதிவும் கண்காணிப்பும் வேண்டும். அதை விட முக்கியம், அம்மாவோ பாட்டியோ இருக்கும் பிள்ளைக்கு அந்த வீடு நிமிர உதவுவதுதான் நல்லது. முன்னே சொன்ன மாதம் 4,000 ரூபாய் அதற்காகவே இருக்கிறது.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள், முழு ஊரையும் வேண்டாம். வாரத் தவணை வசூலுக்கு வரும் நாளைத் தவிர்த்து வேறொரு நாள் சாயங்காலம் போங்கள், வசூல் நாளில் யாரும் மனம் விட்டுப் பேசமாட்டார்கள். முதல் மூன்று மாதம் எதுவும் கொடுக்காமல் வீட்டுக்கு வீடு கேட்டு எழுதுங்கள்: யார் எந்த வகுப்பு, எந்தச் சான்றிதழ் இல்லை, யாருக்கு என்ன அட்டை இல்லை, யார் படிப்பை நிறுத்தியவர். எங்கள் நோட்டில் கடைசிக் கட்டத்துக்குக் 'கூடப் போனவர்' என்று பெயர். பெயர் எழுதாமல் காலியாக இருக்கும் வரிகளைத்தான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திலும் முதலில் வாசிக்கிறோம்.